கயிறு யார் கையில்?

எட்டயபுரம் கரிசல் பூமி. பாரதி பிறந்த ஊர். அங்கே நின்று பார்த்தால் கடல் தெரியாது. கிணறுதான் தெரியும்.

கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் ஏறவில்லை. சம்சாரி என்ன செய்கிறார்?

"புட்வால்வு பிடிக்கவில்லை" என்கிறார். குழாயை மேலே தூக்குகிறார். அடியில் இருக்கும் புட்வால்வைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே வாஷர் தேய்ந்து கிடக்கிறது. கடைத்தெருவுக்குப் போய் ஒரு வாஷர் வாங்கி வந்து மாட்டுகிறார். தண்ணீர் கொட்டுகிறது!

பயிர் பிழைத்தது. சின்ன வாஷர்தான். ஆனால் அது கையில் கிடைத்தது. மாற்றவும் தெரிந்தது.

எட்டயபுரத்தில் காலையில் பஸ் ஏறினால், வெயில் ஏறுவதற்குள் தூத்துக்குடி. அங்கே கடலுக்கு அடியில் போய் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு வாஷரை நம்பித்தான் இறங்குகிறார்கள். அது தேய்ந்தால் வாடுவது பயிர் அல்ல, உயிர்!

அந்த வாஷர் மட்டும் கடைத்தெருவில் எளிதாகக் கிடைப்பதில்லை. இது சரிதானா? இப்படியே இருக்கலாமா?

மச்சான் பிடித்த கயிறு

முத்துக் குளிப்பது பழங்காலத்தில் எப்படி நடந்தது?

குளிப்பவர் ஒரு கல்லின் துணையோடு கடலுக்குள் இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைப் பொறுக்குவார். ஒரு நிமிடம் போனால் மூச்சு முட்டும். கயிற்றை இழுத்துக் காட்டுவார். படகில் இருப்பவர் உடனே மேலே தூக்க வேண்டும்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பார்? "மச்சான்தான் பிடிப்பான்" என்று கடற்கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். குளிப்பவரின் மனைவிக்கு உடன் பிறந்தவன் அவன். கயிற்றை நழுவ விட்டால் அவனுடைய அக்காளின் தாலி அல்லவா போய்விடும்? அதனால் அவன் கண் இமைக்க மாட்டான்.

தன் உயிர் யார் கையில் இருக்கிறது என்பது குளிப்பவருக்குத் தெரியும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அவரே.

தூத்துக்குடிக் கடலில் 1955-ல் தொடங்கிய முத்துக் குளிப்பு 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகு முத்துப் பார்களில் சிப்பி வளம் பெருகவில்லை. சங்கு குளிக்கும் தொழில் மட்டும் நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்கள் அணியும் வெள்ளை வளையல், இந்தக் கடலின் சங்கில் அறுப்பதுதான்.

இதற்கு இடையே முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு மூழ்கும் முறையும் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அப்படி மூழ்கித்தான் முத்துப் பார்களையும் சங்கு நிலங்களையும் ஆராய்ந்தார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. அங்கே பவளப் பாறைகளைக் கணக்கெடுக்கிறவர்களும் சிலிண்டருடன்தான் இறங்குகிறார்கள்.

இப்போது மச்சானின் கயிறு எங்கே? சிலிண்டரில் மாட்டியிருக்கும் ரெகுலேட்டர்தான் அந்தக் கயிறு!

அடுப்படியில் இருக்கும் அதே பெயர்

ரெகுலேட்டர் என்றதும் பயப்பட வேண்டாம். வீட்டு அடுப்படியிலேயே ஒன்று இருக்கிறது. கேஸ் சிலிண்டருக்குள் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதை அப்படியே அடுப்புக்கு விட்டால் ஆபத்து. ரெகுலேட்டர் அந்த வேகத்தைக் குறைத்து, அளவாக அனுப்புகிறது.

கடலுக்குள் போகும் ரெகுலேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு படிகளில் செய்கிறது.

முதுகுச் சிலிண்டரில் காற்று, வெளியே உள்ள காற்றைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் இருக்கும். சிலிண்டரில் மாட்டும் முதல் பகுதி அதைச் சுமார் 10 மடங்காகக் குறைக்கிறது. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் வாய்க்கு வருகிறது. வாயில் கடித்துக்கொள்வது இரண்டாவது பகுதி. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. மூச்சை இழுத்ததும் சவ்வு உள்ளே வளைகிறது. ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது. வால்வு திறந்து காற்று வருகிறது. மூச்சு இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்கிறது.

10 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஆழத்துக்குத் தக்கபடி காற்றின் அழுத்தத்தையும் இந்தக் கருவியே கூட்டிக் கொடுக்கிறது.

இதைச் செய்தவர்கள் யார்? பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் எஞ்சினியர் கஞ்ஞானும். ஆண்டு 1943. இரண்டாவது உலகப் போர் நேரம். பெட்ரோல் கிடைக்கவில்லை. வாயுவில் ஓடும் மோட்டார் வண்டிகளுக்காகக் கஞ்ஞான் ஒரு ரெகுலேட்டர் செய்திருந்தார். அதையே மாற்றி மனிதன் மூச்சு விடுவதற்கு ஆக்கினார்கள். வண்டிக்குப் பிறந்தது கடலுக்குப் போயிற்று!

பழுது எங்கே வருகிறது?

இந்தக் கருவியில் பெரும்பகுதி பித்தளை. அது லேசில் கெடாது. கெடுவது எல்லாம் உள்ளே இருக்கும் சின்னச் சின்னச் சாமான்கள்தான். ரப்பர் வளையங்கள், வால்வு வந்து உட்காரும் 'சீட்', சவ்வு, வடிகட்டி, மூச்சு வெளியேறும் மெல்லிய ரப்பர் இதழ் ஆகியவைதான் அவை.

உப்பு நீர் காய்ந்தால் உப்பு படியும். வெயிலில் கிடந்தால் ரப்பர் வெடிக்கும். நாளாக ஆக 'சீட்'டில் பள்ளம் விழும். வால்வு சரியாக மூடாது. காற்று தானாகக் கொட்டத் தொடங்கும். சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். ஆழத்தில் இருப்பவரின் கதி என்ன?

ஆகவேதான் ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ ஒரு முறை இந்தச் சாமான்களை மாற்றச் சொல்கிறார்கள். இன்ன மாடலுக்கு இன்ன சாமான் என்று ஒரு பொட்டலமாகவே கம்பெனிகள் செய்கின்றன.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவில் புழங்கும் ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் செய்தவை. பல கம்பெனிகள் அந்தப் பொட்டலத்தைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற கடைக்காரர்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன. சொந்தக்காரர் கேட்டால் கிடைப்பதில்லை. கருவியை வெளியூருக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும் வரை வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வீட்டில் உலை கொதிப்பது எப்படி? "இந்த ஒரு தடவை போகட்டும்" என்று தேய்ந்த வாஷருடனேயே இறங்கும் ஆசை வருகிறது.

அந்த ஒரு தடவைதான் ஆபத்து.

கம்பெனி சொல்வதிலும் நியாயம் உண்டு

"தெரியாதவன் கை வைத்தால் உயிர் போகும். அதனால்தான் சாமான் கொடுப்பதில்லை" என்று கம்பெனிகள் சொல்கின்றன. இது பொய் அல்ல.

கடைத்தெருவில் வாங்கும் ரப்பர் வளையம் பார்வைக்கு அதே போல் இருக்கும். அளவும் ஒன்றாக இருக்கும். ஆனால் ரப்பரின் கடினம் வேறாக இருக்கும். 200 மடங்கு அழுத்தத்தில் அது பிதுங்கிவிடலாம். தேங்காய் எண்ணெயோ வண்டிக் கிரீஸோ தடவுவது அதைவிட மோசம். அது ரப்பரைக் கெடுக்கும். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றை அடைத்திருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்! அதற்கென்று தனிக் கிரீஸ் இருக்கிறது. அதையும் துளி அளவுதான் தடவ வேண்டும்.

முதல் பகுதியைத் திறப்பதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். மூடிய பிறகு அழுத்தத்தைக் கடிகாரம் போன்ற அளவியில் பார்க்க வேண்டும். முள் ஓர் இடத்தில் அசையாமல் நின்றால் நல்லது. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் 'சீட்' மூடவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் படித்துப் பழகிய பிறகு செய்ய வேண்டிய வேலை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? தெரியாதவருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்! கதவைப் பூட்டி வைப்பது மருந்து ஆகாது. சாமான் கிடைக்காதவர் சும்மா இருப்பாரா? கிடைத்ததைப் போட்டு ஒட்டுப் போடுவார். பூட்டு ஆபத்தைத் தடுக்கவில்லை. மறைவிடத்துக்குத் துரத்துகிறது.

தூத்துக்குடியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சங்கு குளிப்பவர்கள் பலர் படகில் கம்ப்ரசரை வைத்து, நீண்ட குழாய் வழியாக வரும் காற்றை மூச்சு விடுகிறார்கள். வண்டி டயருக்குக் காற்று அடிக்கும் வகைக் கம்ப்ரசர் அது. எஞ்சின் புகையும் எண்ணெய் ஆவியும் காற்றோடு நெஞ்சுக்குள் போகலாம். எஞ்சின் நின்றால் காற்றும் நின்றுபோகும். அதிக நேரம் அடியில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழி குமிழியாகக் கிளம்பும். கை கால் விளங்காமல் போனவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. இந்தக் குமிழி நோயை எந்த ரெகுலேட்டரும் தடுக்காது. மூழ்கும் முறையைப் படிப்பது ஒன்றே அதற்குக் காப்பு. ஆனால் நல்ல கருவி விலை கூடியதாகவும், பழுது பார்க்க வழியில்லாததாகவும் இருக்கும் வரையில், ஏழைத் தொழிலாளி கம்ப்ரசரை விடுவாரா?

தானே செய்யக் கூடியவை

பாதி வேலை மூழ்குபவர் கையிலேயே இருக்கிறது. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கரை ஏறியதும் கருவியை நல்ல தண்ணீரில் ஊற வைத்துக் கழுவ வேண்டும். அதற்கு முன்னால் முதல் பகுதியின் மூடியைத் துடைத்து இறுக்கிப் போட வேண்டும். ஊறும்போது வாய்ப் பகுதியின் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் தண்ணீர் உள்ளே போகும். பிறகு நிழலில் காய வைக்க வேண்டும்.

குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வாயில் கடிக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூடியை இறுகப் போட்டுவிட்டு வாயால் காற்றை உறிஞ்சிப் பார்க்கலாம். காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கடலில் அந்த வழியாகத் தண்ணீர் வரும்!

சிலிண்டரில் மாட்டிக் காற்றைத் திறந்து, தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர் டியூபைப் பார்ப்பது போலத்தான். குமிழி வந்தால் அந்த இடத்தில் கசிவு.

முதல் பகுதியின் வாயில் உள்ள வடிகட்டியும் பேசும். பச்சை நிறம் என்றால் உப்பு நீர் புகுந்திருக்கிறது. செந்நிறம் என்றால் சிலிண்டருக்குள் துரு. கறுத்திருந்தால் காற்று அடைத்த கம்ப்ரசரின் மேல் சந்தேகம்.

இவற்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் அன்று கடலில் இறங்கக் கூடாது. ஒரு நாள் கூலி போனால் மறு நாள் வரும்.

மீதிப் பாதி யார் பொறுப்பு?

2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் விவரமும் உதிரிச் சாமானும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வண்டிகள் ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். செல்போனுக்கு உள்ள உரிமை, மூச்சுக் கருவிக்கு வேண்டாமா?

கம்பெனிகள் ஒன்று செய்யலாம். பயிற்சி பெற்றுச் சான்று காட்டுகிறவருக்குச் சாமானையும் விளக்கப் புத்தகத்தையும் விற்கலாம். கடை வைத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டாம். வேலை தெரியுமா என்று கேட்டால் போதும்.

அரசும் ஒன்று செய்யலாம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே குளிப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரெகுலேட்டர் பழுது பார்க்கும் குறுகிய காலப் பயிற்சி நடத்தலாம். விளக்கப் புத்தகத்தைத் தமிழில் அச்சிடலாம். பத்துப் பேர் படித்து வெளியே வந்தால் போதும். கடற்கரைக்கே ஒரு பட்டறை கிடைத்துவிடும்.

மோட்டார் ரிப்பேரும் ரேடியோ ரிப்பேரும் நம் ஊர்களுக்கு இப்படித்தான் வந்தன. ஒருவர் கற்றார். பக்கத்தில் நின்ற பையன் பார்த்துப் பழகினான். இந்த வேலை மட்டும் நம் பிள்ளைகளுக்கு வராதா?

மச்சான் கயிறு பிடித்த காலத்தில், கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்று குளிப்பவரே தடவிப் பார்த்தார். இற்றுப் போயிருந்தால் வேறு கயிறு வாங்கினார். "கயிற்றை உனக்கு விற்க மாட்டோம்" என்று யாரும் அவரிடம் சொன்னது இல்லை.

இன்று கயிறு மாறிவிட்டது. கடலின் ஆழம் மாறவில்லை. கரையில் காத்திருக்கும் மனைவி மக்களும் மாறவில்லை. உயிரைக் கொடுத்து இறங்குகிறவருக்குத் தன் கயிற்றைத் தானே பார்க்கத் தெரிய வேண்டும். அது தேய்ந்தால் மாற்றுவதற்கு, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வாஷரும் கிடைக்க வேண்டும்.