யாருக்குப் பின்னால் யார்?

கீபோர்டு சீக்வென்சரில் போட்டு வைத்த டிரம்ஸும் ரெக்கார்டரில் பதிந்த பாட்டும் முதல் சரணம் வரை ஒன்றாகப் போகும். இரண்டாவது சரணத்தில் தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். உடனே பலரும் செய்வது மிடி கேபிளை மாற்றுவது. அப்புறம் டெம்போவைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது. இதிலேயே அரை நாள் போய்விடும். பாடியவரின் தொண்டையும் போய்விடும்.

கேபிள் பாவம். அது கெட்டுப்போனால் கீபோர்டு கிளம்பவே கிளம்பாது, இல்லையென்றால் நடுவில் நின்றுவிடும். மெல்ல மெல்ல விலகுகிறது என்றால் இரண்டு கருவிகளும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன என்று அர்த்தம். டெம்போவில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் போதும். 4 நிமிடப் பாட்டின் கடைசியில் கால் நொடி விலகிவிடும். 120 டெம்போவில் அது அரை பீட்! (ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு தாமதம் என்றால் அது வேறு கதை. அந்த டிராக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் முடிந்தது.)

டெம்போ கீபோர்டில்தானே இருக்கிறது, அதுவே முன்னால் போகட்டும் என்பது பலரின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெக்கார்டரில் இருப்பது பதிவான குரல். அதை இழுத்தால் சுருதி போகும், அல்லது குரலின் தன்மை கெடும். சீக்வென்சரில் இருப்பதோ ஒலியே இல்லை, 'இந்த நேரத்தில் இந்த சுரம்' என்ற வெறும் குறிப்பு. வளையக்கூடியதுதானே வளைய வேண்டும்? ரெக்கார்டர் மிடி கிளாக் அனுப்பட்டும். கால் நோட்டுக்கு 24 துடிப்பு, அதாவது 120 டெம்போவில் நொடிக்கு 48. கீபோர்டு அதை எண்ணிக்கொண்டு பின்னால் வரட்டும்.

இதற்குக் கீபோர்டின் கிளாக் செட்டிங்கை 'எக்ஸ்டர்னல்' ஆக்க வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் திரும்பி ஓடிவிடுகிறார்கள். அந்த செட்டிங்கில் கீபோர்டின் சொந்த ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் பல மாடல்களில் ஒன்றும் நடக்காது. ரிப்பேர் என்று பயந்து பழையபடி 'இன்டர்னல்' ஆக்கிவிடுகிறார்கள். ரிப்பேர் இல்லை சாமி, அது ரெக்கார்டருக்காகக் காத்திருக்கிறது.

கேசட்டில் பதிகிற 4 டிராக் ரெக்கார்டராக இருந்தால் ஒரு டிராக்கைத் தியாகம் செய்தே ஆக வேண்டும். நாடாவின் வேகம் நிலையாக இருக்காது. ஆகவே சிங்க் ஒலியை ஓரத்து டிராக்கில், இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டு, முதலிலேயே பதிய வேண்டும். நாலில் ஒன்று போகிறதே என்று கஞ்சத்தனம் பார்ப்பவர்கள் கடைசியில் மீதி மூன்றையும் திரும்பப் பதிகிறார்கள்.

பாடகரைக் கூப்பிடும் முன்னால் கீபோர்டின் கிளிக் சத்தத்தைப் பாட்டின் முழு நீளத்துக்கும் ரெக்கார்டரில் பதியுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, கடைசி அரை நிமிடத்தைக் கேளுங்கள். இரண்டு கிளிக் தனித்தனியாகக் கேட்டால் மைக்கை இன்னும் மாட்ட வேண்டாம்.