மலைப்பாதையும் எண்ணெய்க் கணக்கும்

‘எண்ணெய்ச் செலவே ஒழியப் பிள்ளை பிழைத்தபாடில்லை’ என்பது நம் முன்னோர் மொழி. வைத்தியச் செலவைக் குறித்து எழுந்த அப்பழமொழி, மோட்டார் வண்டி வைத்திருப்போர் வீடுகளில் இந்நாளில் வேறொரு பொருளில் வழங்கி வருகின்றது. சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, எம் அயலில் வசிக்கும் மரக்கறி வியாபாரி ஒருவர் இப்பழமொழியைச் சொல்லிக்கொண்டே எம் வீட்டுப் படியேறினார். அவருடைய மகன் எம்மிடம் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயில்கிறான். அவனும் உடன் வந்திருந்தான்.

அவரிடம் ஒரு டீசல் கெப் வண்டி உண்டு. நுவரெலியாவில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி, ஹட்டன் வழியாக இறங்கிப் பேலியகொடை மெனிங் சந்தையில் கொடுத்துவிட்டு, திரும்பும்போது கடைகளுக்கு வேண்டிய சாமான்களை ஏற்றி வருவது அவர் தொழில்.

“சேர், வண்டியும் அதேதான், எண்ணெயும் அதேதான். கீழ்நாட்டில் லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுகிறது. அவிசாவளை தாண்டி மலையேறத் தொடங்கினால் எட்டுக்கு மேல் தருவதில்லை. எண்ணெயில் எதையாவது கலந்து விற்கிறார்களோ?” என்பது அவருடைய முறைப்பாடு.

பிறர் மேல் பழி சுமத்துமுன் கணக்குப் பார்ப்பது நலமன்றோ? தம்பியிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்தோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. வண்டியும் சுமையும் சேர்ந்து 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். இந்த நிறையைக் கடல் மட்டத்திலிருந்து நுவரெலியாவுக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 366 இலட்சம் யூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய சக்தியும் ஏறத்தாழ அவ்வளவே. அப்படியானால் ஒரு லீற்றர் போதுமே என்று எண்ணலாம். ஆனால் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே எஞ்சின் வேலையாக மாற்றுகின்றது. மற்றது புகையுடனும் வெப்பமாகவும் வெளியேறிவிடுகின்றது. ஆகவே மலையேறும் கூலி மூன்று லீற்றர்.

அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குப் பாதை ஏறத்தாழ 120 கிலோமீற்றர். சமதரையாயின் இவ்வண்டிக்குப் பத்து லீற்றர் போதும். மலைக்கூலி மூன்றையும் சேர்த்தால் பதின்மூன்று. அதாவது லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். எண்ணெய் விற்றவர் ஒரு துளியும் கலக்காவிட்டாலும் பன்னிரண்டு ஒன்பதாகிவிடும்.

“சரி சேர், ஒன்பதுக்கும் எட்டுக்கும் இடையில் உள்ளது எங்கே போகிறது?” என்றான் தம்பி. நல்ல கேள்வி! அதில் ஒரு பகுதி கினிகத்தேனைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட வளைவுகளில் போகின்றது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து வேகத்தைக் கொன்று, பின்னர் எண்ணெயை ஊற்றி அதே வேகத்தை உயிர்ப்பிக்கிறோம். வளைவைத் தூரத்திலேயே கண்டு முன்னதாகவே காலைத் தளர்த்தும் சாரதிக்கு இச்செலவு குறையும். ஏற்றம் தொடங்குமுன் உரிய சிறிய கியருக்கு மாறாமல், பெரிய கியரில் எஞ்சினைத் திணறவிட்டுக் கருும்புகை கக்க ஏறுவோருக்கு அது கூடும். டயரில் காற்றுக் குறைந்திருப்பதும், வேண்டாத சாமான்கள் வண்டியில் கிடப்பதும் அவ்வாறே.

இனி எண்ணெயின் தெரிவைப் பார்ப்போம். ஜெர்மானியப் பொறியியலாளர் ருடோல்ப் டீசல் 1897இல் இயக்கிக் காட்டிய எஞ்சின், காற்றை மிக இறுக்கி, அவ்வெப்பத்தினாலேயே எண்ணெயைப் பற்றவைப்பது. அதிக இறுக்கமே அதன் சிக்கனத்துக்கு முதற் காரணம். மேலும், ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான சக்தி உண்டு. சுமை ஏற்றி மலையேறுவோர் டீசல் வண்டியை நாடுவது இதனாலேயே.

பெற்றோல் வண்டி வைத்திருப்போரிடையே 95 ஒக்டேன் அடித்தால் 92ஐவிட அதிக தூரம் ஓடும் என்றொரு நம்பிக்கை உண்டு. ஒக்டேன் எண் பெற்றோலின் சக்தியைக் குறிப்பதன்று. எஞ்சினுக்குள் அகாலத்தில் வெடிக்காமல் தாங்கும் தன்மையையே அது குறிக்கின்றது. நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. காற்று மெலிந்திருப்பதால் அகால வெடிப்பின் அச்சமும் இங்கு குறைவு. வண்டியைச் செய்தவர்கள் தம் கைநூலில் 95 வேண்டும் என்று கூறியிருந்தாலன்றி, அதற்கு அதிக பணம் கொடுப்பதால் மலையில் பெரும் பயன் இல்லை. மெல்லிய காற்றினால் வலுக் குறைவதை டர்போ பூட்டிய எஞ்சின்கள் பெருமளவு ஈடுசெய்யும். மற்றவை சற்றுத் திணறும். அது எண்ணெயின் குற்றமன்று.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பவர்களும் உளர். டீசலின் பசைத்தன்மையே பம்பையும் இன்ஜெக்டரையும் தேயாமற் காப்பது. மண்ணெண்ணெய்க்கு அது போதாது. எண்ணெயில் மிச்சம் பிடித்த காசு, பின்னர் கராஜில் பன்மடங்காகப் போகும்.

இவ்வளவும் கேட்டபின் நண்பர் குரலைத் தாழ்த்தினார். “ஏற்றத்தில் போவதை நான் இறக்கத்தில் பிடித்துவிடுகிறேன் சேர். இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்தி, நியூற்றலில் விட்டுவிடுவேன். ஒரு துளி எண்ணெய் செலவில்லை” என்றார். தம்பியும் விடுமுறை நாட்களில் உடன் செல்வதுண்டாம்.

எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அவரை நோவதில் பயனில்லை. அப்பழக்கம் எங்கிருந்து வந்ததென்பது நாம் அறிந்ததே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல், அவ்வாண்டு ஜூன் 26இல் 460 ரூபாயாயிற்று. அவ்விலைக்கும் கிடைக்காமல் இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஓகஸ்ட் முதலாந் திகதி தொட்டு நாடெங்கும் கியூ.ஆர். முறையில் எண்ணெய் பங்கிடப்பட்டது. 2023 செப்டெம்பர் முதலாந் திகதியே அம்முறை நீக்கப்பட்டது. பறித்த மரக்கறி வண்டியின்றி வாடியதைக் கண்டவர், துளித்துளியாகச் சேமிக்க முயன்றதில் வியப்பில்லை. ஆயினும் அவர் பிடித்த வழி பொல்லாதது.

எஞ்சின் நின்றவுடன் பிரேக்குக்குத் துணைசெய்யும் விசை சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும். ஸ்டியரிங் கனத்துப்போகும். கியரும் இல்லாமையால், மலையேற்றத்திற் சேர்த்த சக்தியை அடக்கும் பொறுப்பு பெரும்பாலும் பிரேக்கின் தலையில் விழும். அச்சக்தி எவ்வளவு? நூறு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது! காற்றும் பாதையும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதி வெப்பத்தில் பிரேக் காய்ந்து, கருகி, கடைசியில் பிடிக்காமலே போய்விடலாம்.

இதைவிட வியப்பானது வேறொன்று. இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டால், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றும். அப்போது இன்ஜெக்டர்கள் எண்ணெய் விடுவதை அறவே நிறுத்திவிடும். எஞ்சினும் வண்டியைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். மாறாக, எஞ்சின் ஓட நியூற்றலில் விட்டாலோ, அது அணையாமலிருக்கச் சிறிது எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கியரில் இறங்குபவருக்கு எண்ணெய்ச் செலவும் இல்லை, பிரேக்குக்கும் ஆறுதல். நண்பர் உயிரைப் பணயம் வைத்து வாங்கிய பொருள், இலவசமாகவே அவர் கையில் இருந்தது!

“ஏறிய கியரிலேயே இறங்கு என்று என் தகப்பனார் சொல்வார்” என்றார் அவர் மெல்ல. தோட்ட லொறி ஓட்டிய பெரியவரின் சொல் அது. பௌதிகவியல் நூல்கள் கூறுவதும் அதற்கு மாறானதன்று.

மலைப்பாதையின் கொடுமையை நாம் மறத்தலாகாது. 2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில் பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு உயிர்கள் மாண்டன. அவ்வழியே செல்லும்போதெல்லாம் எம் மனம் கனக்கும்.

மூன்று கிழமை கழித்து நண்பர் மீண்டும் வந்தார். தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பி வகுத்துப் பார்க்கும் முறையைத் தம்பி அவருக்குக் கற்பித்திருந்தான். மலையேற்றத்தில் எட்டு, எட்டரைக்குச் சற்று மேலாகியிருந்தது. “பெரிய இலாபம் இல்லை சேர். ஆனால் கித்துல்கலைக்கு இறங்கும்போது சில்லில் வந்த கருகல் மணம் இப்போது இல்லை” என்றார்.

அதைக் கேட்டுத் தம்பியின் தாயார் பெருமூச்சு விட்டதே எமக்குப் பெரிய இலாபமாகத் தோன்றியது. எண்ணெயைச் சேமிப்போம், வேண்டியதே. பிள்ளை பிழைத்திருக்கும் வழியில் சேமிப்போம்.