கைத்துப்பாக்கித் தோட்டாவும் காட்டுப்பன்றியும்

காட்டுப்பன்றிகள் புகுந்து இரண்டே ராத்திரியில் அரை ஏக்கர் மக்காச்சோளத்தைச் சாய்த்துவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்க விவசாயி ஒருவர் கைத்துப்பாக்கித் தோட்டா போட்ட சின்ன ரைஃபிளால் பன்றிகளைச் சுடும் காட்சியை அவர் மகன் கைபேசியில் காட்டினானாம். அப்படி ஒன்றுக்கு இங்கே லைசென்ஸ் கிடைக்குமா என்று கேட்கிறார்.

கிடைக்காது. ஆனால் அந்தத் துப்பாக்கியின் கதை தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அதன் பெயர் கார்பைன். குழல் நீளம் குறைந்த, எடை குறைந்த ரைஃபிள். இடுப்புத் துப்பாக்கிக்கும் இதற்கும் ஒரே தோட்டா போதும் என்பதால் 1870களிலேயே அங்கே பண்ணைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். குழல் நீளமாவதால் அதே தோட்டா கைத்துப்பாக்கியில் போவதைவிட வேகமாகப் போகும். .44 மேக்னம் போன்ற கனமான தோட்டா என்றால் மானையும் பன்றியையும் 300 அடிக்குள் வீழ்த்தும். 9 மி.மீ. தோட்டா பெரிய பன்றிக்குப் போதாது. காயப்பட்ட பன்றி புதருக்குள் ஓடி, தேடி வருபவரையே பாய்ந்து குத்தும்.

இண்டியானா மாநிலத்தில் மான் வேட்டைக்கு ரைஃபிள் கூடாது என்றிருந்த விதியைத் தளர்த்தி, 2007இல் இந்த வகைத் தோட்டாக்களுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். சமவெளி, நடுநடுவே வீடுகள். நெடுந்தூர ரைஃபிளைவிட இதன் குண்டுக்கு வீச்சு குறைவு. அதற்காகக் குறி தவறிய குண்டு பக்கத்துக் காட்டோடு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு மைலுக்கு மேலும் போகும்.

சரி, சுட்டுச் சுட்டு அங்கே பன்றி ஒழிந்ததா? டெக்சாஸில் நில உரிமையாளர் சம்மதித்தால் 2019 முதல் வேட்டை லைசென்ஸே தேவையில்லை. இருந்தும் பன்றி குறையவில்லை. இரண்டைச் சுட்டால் மிச்சக் கூட்டம் சிதறி நாலு தோட்டத்தில் இறங்குகிறது. இதனாலேயே மிசௌரி மாநிலம் தன் வனப் பாதுகாப்பு நிலங்களில் 2016இல் பன்றி வேட்டையைத் தடை செய்தது. தீனி வைத்துப் பழக்கி, குட்டி உட்பட முழுக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் பெரிய பட்டிக்குள் அடைப்பதுதான் அங்கே இப்போது நம்பப்படும் வழி.

இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று சொல்வது மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியை. அதற்கு லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட உரிமை வந்துவிடாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்தான் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியே இல்லை.

ஆகவே வாசகர் முதலில் செய்ய வேண்டியது, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுப்பது. சர்வே எண், பயிர், சேதமான தேதி, காட்டிலிருந்து தூரம் எல்லாம் எழுதி, புகைப்படமும் வைக்க வேண்டும். இழப்பீடு கேட்பதானால் அதிகாரி வந்து பார்க்கும்வரை சாய்ந்த தட்டையை அப்புறப்படுத்த வேண்டாம். ஆத்திரத்தில் கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது குற்றம். ராத்திரி மோட்டார் போட வரும் பக்கத்துக் காட்டுக்காரர்தான் அதில் முதலில் மாட்டுவார்.