அதிரசம் என்ன பாவம் செய்தது?

போன தீபாவளிக்கு ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டு நிறைய அதிரசம், லட்டு, முறுக்கு. எல்லோரும் எடுத்தோம். அவர் மட்டும் தொடவில்லை. "டயட்ல இருக்கேன் ஸார். ஸ்வீட்டை விட்டு எட்டு மாசம் ஆச்சு" என்றார், சபரிமலைக்கு மாலை போட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மனசாரப் பாராட்டினேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த விரதக்காரர் இரண்டு டம்ளர் காபி குடித்தார். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. "இதுல ஃபைபர் இருக்கு, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் முக்கால்வாசியைக் காலி செய்தார். எடை குறைந்ததா என்று கேட்டேன். "அதான் ஸார் புரியலை!"

எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் புரியும், ஒரு சின்னக் கணக்கு போட்டால்.

ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். காபிக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று காபி என்றால் 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன கணக்குப்படி, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. அதாவது நீங்கள் மூன்றாவது காபியைக் குடித்து முடிக்கும்போதே அன்றைய கோட்டா ஓவர். இதையே 365ஆல் பெருக்குங்கள். எட்டேமுக்கால் கிலோ! காபி வழியாக மட்டும் வருஷத்துக்கு எட்டேமுக்கால் கிலோ சர்க்கரை உள்ளே போகிறது. சுமார் 35,000 கலோரி.

இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பண்டிகைக்கு வருவோம். தீபாவளி, பொங்கல், நாலு கல்யாணம், ரெண்டு பிறந்த நாள் என்று வருஷத்தில் பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் வழக்கத்தைவிட 1,000 கலோரி அதிகமாகவே சாப்பிட்டீர்கள் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000. காபிச் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் திட்டு வாங்குவது யார்? அதிரசம்! காபி சர்க்கரையை யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

தினமும் நடப்பது நம் கண்ணில் படுவதில்லை. சாயந்திரம் ஆபீஸ் வாசலில் இரண்டு பஜ்ஜி, டி.வி. பார்த்தபடி ஒரு கை மிக்ஸர், "மிச்சம் வேஸ்ட்டாப் போகுதே" என்று அம்மாக்கள் வழித்துச் சாப்பிடும் குழந்தையின் தட்டு, மூன்றாவது முறை வாங்கிக்கொள்ளும் சாதம். இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. பண்டிகைக்குத்தான் பட்டாசு வெடிக்கிறது, அதனால் அது தெரிகிறது.

இன்னொரு காமெடி, மறுநாள் காலை எடை மெஷின் மேல் ஏறி நிற்பது. ஒரே நாளில் ஒன்றரை கிலோ கூடிவிட்டது என்று அலறுவார்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ஒரு விருந்தில் 1,000 கலோரி கூடினால் 130 கிராம்தான் ஆகிறது. மெஷின் காட்டுவது பெரும்பாலும் தண்ணீர். உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். போதாததற்கு, இன்னும் வயிற்றிலேயே இருக்கும் நேற்றைய சாப்பாடு. ரெண்டு நாள் பொறுத்தால் இறங்கிவிடும். ஆனால் யார் பொறுக்கிறார்கள்? "எல்லாம் போச்சு, இனிமே என்ன" என்று மிச்ச டப்பாவையும் திறந்துவிடுகிறார்கள்.

இந்த "எல்லாம் போச்சு" விவகாரத்தை அமெரிக்காவில் இரண்டு மனவியல்காரர்கள் சோதனையே செய்து பார்த்தார்கள். ஹெர்மன், மேக் என்று பெயர். 1975ல் வெளியானது. கல்லூரிப் பெண்களைக் கூப்பிட்டு, சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு "ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று ஐஸ்க்ரீமை நீட்டினார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பெண்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்க்ரீமைக் குறைத்தார்கள். வயிறு சொன்னதைக் கேட்டார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வந்த பெண்கள் நேர்மாறு. மில்க்‌ஷேக் குடித்த பிறகுதான் ஐஸ்க்ரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்! விரதம் முறிந்தது, இனி எவ்வளவு முறிந்தால் என்ன என்ற மனசு. குண்டாக்கியது மில்க்‌ஷேக்கா, அதைப் பாவம் என்று நினைத்த நினைப்பா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த லட்சணத்தில் 'சீட் டே' என்று ஒன்றை இறக்குமதி செய்திருக்கிறோம். வாரத்தில் ஆறு நாள் உப்பில்லாத அவித்த கோழி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, பரோட்டா, 'அன்லிமிடெட்' பஃபே. பெயரைக் கவனியுங்கள். ஏமாற்றும் நாளாம்! யாரை ஏமாற்றுகிறீர்கள்? கோழியையா? ஆறு நாள் தினமும் 300 கலோரி குறைத்தால் மிச்சம் 1,800. கட்டிய காசுக்கு வஞ்சகமில்லாமல் சாப்பிட்டால் ஒரே பஃபேயில் அது காலி. அதைவிடக் கொடுமை, ருசி தெரியாமல் சாப்பிடுவது. திருடன் என்றைக்காவது நிதானமாக உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டிருக்கிறானா?

'சுகர் ஃப்ரீ ஸ்வீட்' போட்டு விற்கும் புண்ணியவான்களையும் விட்டுவிட முடியாது. சர்க்கரை இல்லை, சரி. நெய்? ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, ஒரு கிராம் சர்க்கரை 4. பெட்டி மேல் இதையும் எழுதிவைத்தால் யாரும் நாலு பீஸ் எடுக்கமாட்டார்கள்.

ஆஹா, ஸ்வீட் சாப்பிட லைசென்ஸ் கிடைத்தது என்று சிலர் கிளம்புவது தெரிகிறது. கொஞ்சம் உட்காருங்கள். நான் சொல்வது எப்போதாவது சாப்பிடுவதைப் பற்றி. "ஒரு நாள்தானே" என்று வாரத்தில் ஐந்து நாள் சொல்பவர்களுக்கு இல்லை. திங்கள் ஆபீஸில் யாருக்கோ பர்த்டே கேக், புதன் ட்ரீட், வெள்ளி கோயில் பிரசாதம், சனி சினிமா பாப்கார்ன். எல்லாமே ஒரு நாள்தான்! கடைசியாக அல்வா எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பட்டென்று பதில் வருகிறதா? அப்படியானால் அது எப்போதாவது இல்லை. யோசித்து, விரல் விட்டு எண்ணி, "அவன் கல்யாணத்துலயா?" என்று இழுத்தீர்கள் என்றால், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து இந்தக் கட்டுரையை டாக்டரிடம் சாட்சியாக நீட்டாதீர்கள். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை நோய். இது விளையாட்டு இல்லை. உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. நம் தாத்தா பாட்டிகள் அதிரசம் சாப்பிடவில்லையா? சாப்பிட்டார்கள். அன்றைக்கு வயலிலும் அடுப்படியிலும் உழைத்தார்கள் என்று சொல்வீர்கள். அது பாதி. மீதியை என் அத்தையைக் கேட்டால் சொல்வார். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்து, வெல்லப் பாகு பதம் பார்த்து, மாவைக் கிளறி, ரெண்டு மூன்று நாள் மூடிவைத்து, அப்புறம் தட்டிப் போட்டு, எண்ணெயைப் பிழிந்து எடுக்கவேண்டும். பாகு ஒரு பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயிலேயே பிரிந்து போகும். இவ்வளவு பாடு இருந்தால் எந்த வீட்டில் வாராவாரம் செய்வார்கள்? அந்த வேலைதான் அன்றைய டயட்டீஷியன். திருநெல்வேலி அல்வா வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் போகவேண்டும், அல்லது அங்கிருந்து யாராவது வரவேண்டும். அந்த ரயில்தான் கட்டுப்பாடு.

இன்றைக்கு செல்போனைத் தடவினால் அரை மணியில் வாசலில் அல்வா. நடுராத்திரிக்குக்கூட! பண்டம் மாறவில்லை ஸார். அதைச் சுற்றியிருந்த வேலி போய்விட்டது. வேலியை நாம்தான் போட்டுக்கொள்ளவேண்டும். அதைச் செய்யாமல் அதிரசத்தைத் திட்டி என்ன பிரயோஜனம்?

இதையெல்லாம் இவ்வளவு கோபமாக எழுத ஒரு காரணம் உண்டு. என் தங்கை மகள், ப்ளஸ் ஒன் படிக்கிறாள். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரிக்குக் கை நீட்டியவளைப் பார்த்து ஒரு உறவுக்காரப் பெரிய மனுஷி, "ஏற்கெனவே பூசணிக்காய் மாதிரி இருக்கே, இது வேறயா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் எங்கள் யார் எதிரிலும் இனிப்பு சாப்பிடுவதில்லை. சபாஷ், திருந்திவிட்டாள் என்றுதான் நினைத்தோம். ஆறு மாதம் கழித்து அவள் ஸ்கூல் பையைத் துவைக்க எடுத்த என் தங்கை, அடியில் இருந்த சாக்லேட் பேப்பர்களை எண்ணிவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாள். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். பதினாறு வயசுக் குழந்தை.

பந்தியில் அந்த ஒரு ஜாங்கிரியைச் சாப்பிட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு ஜாங்கிரி சாப்பிட்டிருப்பாள், அவ்வளவுதான்! அடுத்த முறை பந்தியில் உங்கள் பக்கத்தில் ஒரு குண்டுக் குழந்தை உட்கார்ந்தால், உங்கள் வாயை உங்கள் இலையோடு வைத்துக்கொள்ளுங்கள். அக்கறை இருந்தால் மறுநாள் சாயந்திரம் கூட்டிக்கொண்டு போய் ஷட்டில் விளையாடுங்கள். அதற்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

அந்தப் பெண் இப்போது கொஞ்சம் தேவலை. எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. இனிப்பு இருக்கும் நாளில் அதைச் சாப்பாட்டு மேஜையில், எல்லோரும் சேர்ந்து, டி.வி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். யாரும் யார் தட்டையும் எண்ணுவதில்லை. மற்ற நாளில் வீட்டில் இனிப்பு வாங்கி வைப்பதில்லை. காபியில் சர்க்கரை அரை ஸ்பூன். முதல் பதினைந்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். போன வருஷம் அவர் அனுப்பிய அதிரசத்தைப் பாதி வீட்டில் தொடவே இல்லையாம், அதனால் இந்த வருஷம் செய்யவேண்டாம் என்று இருந்தாராம். "இப்ப நீ என்னடா சொல்றே, எத்தனை படி ஊறப்போட?" என்றார்.

"ஒரு படியெல்லாம் வேண்டாம் அத்தை. அரைப் படி போடுங்க. பாகு பதம் மட்டும் பழையபடியே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறேன்.