க.விலக்கு வரைக்கும் வாராவாரம் யாரால போக முடியும்?

தேவதானப்பட்டி சொந்தங்களே,

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கே ‘ஆக்குபேஷனல் தெரபி’ன்னா வேலைக்குப் போறவங்களுக்கான சிகிச்சைன்னுதான் நெனப்பு. எங்க தெரு அக்கா மகனுக்கு 5 வயசு. சட்டை பட்டன் போட வராது, பென்சில் பிடிக்க வராது, மிக்ஸி ஓடுனா காதைப் பொத்திக்கிட்டு அழுவான். “ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் வரும்”னு ஊரே சொல்லிச்சு. நானும் சொன்னேன், தப்புதான். சாப்பிடுறது, உடுத்துறது, எழுதுறது, விளையாடுறது, இதுதான் குழந்தையோட ‘வேலை’. அதை விளையாட்டு மூலமாவே பழக்குறதுதான் இந்த சிகிச்சை.

எங்க கேக்குறது? 2013-ல வந்த தேசிய சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் 2 தடவை, அரசுப் பள்ளிக்கு 1 தடவை வரணும். அன்னைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்க, சந்தேகத்தை டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. அந்தக் குழு அனுப்புற இடம் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில இருக்குற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். 18 வயசு வரைக்கும் இலவசம். போனதும் ‘ஆக்குபேஷனல் தெரபி எந்தெந்த நாள்?’னு அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்க. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு இருக்குற பிள்ளைகளுக்கு ‘நிராமயா’ காப்பீடு வருஷம் 1 லட்சம் வரை இருக்கு, தெரபி செலவும் அதுல சேரும்.

சரி, இலவசம்தான். ஆனா மருத்துவமனை இருக்குறது க.விலக்குல. இங்கிருந்து பெரியகுளம் தாண்டி தேனி, அங்க இறங்கி ஆண்டிபட்டி ரோட்டுல இன்னொரு பஸ். இது ஒரு நாள் போய் ஊசி போட்டுட்டு வர்ற சமாச்சாரம் இல்ல. மாசக்கணக்குல வாராவாரம் போகணும். மாந்தோப்பு வேலைக்குப் போற அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. நாலாவது வாரம் நின்னுட்டாங்கன்னா அவங்களையா குறை சொல்றது?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 25 என்ன சொல்லுது? வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பா கிராமப்புறத்துல, இலவச மருத்துவ வசதி ‘வசிக்கிற இடத்துக்கு அருகிலேயே’ கிடைக்கணும். ரெண்டு பஸ் மாறிப் போறது ‘அருகில்’ கணக்குல வராது.

நாம கேக்குறது இதுதான்: வாரத்துக்கு ஒரு நிலையான நாள், பெரியகுளம் அரசு மருத்துவமனையில ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உட்காரணும். மத்த நாள் வீட்டுல என்ன செய்யணும்னு அம்மாவுக்கும் சொல்லித் தரணும். மனு தயாராகுது. உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படிப் பிள்ளை இருந்தா வார்டு நம்பர், வயசு, சிகிச்சைக்காக எங்க போறீங்கன்னு மட்டும் இன்பாக்ஸ்ல சொல்லுங்க. கமெண்ட்ல போடாதீங்க, பிள்ளை பேரோ போட்டோவோ வேண்டவே வேண்டாம்.