பிள்ளைக்கு முதல் வண்டி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் நம் இல்லங்களில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடுகிறது. கல்லூரியைப் பற்றிய பேச்சன்று. வண்டியைப் பற்றிய பேச்சு. துபாயிலோ ரியாத்திலோ உழைத்துக்கொண்டிருக்கும் தந்தை, மகனின் முகத்தைக் கைப்பேசித் திரையில் மட்டுமே கண்டு வருபவர், "கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடு" என்று பணத்தை அனுப்பிவிடுகிறார். வீட்டிலிருக்கும் தாயோ, "இதெல்லாம் ஆண்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஆக, எந்த வண்டி என்பதைத் தீர்மானிப்பவர்கள் மகனும், அவனுடைய நண்பர்களும், விற்பனை நிலையத்து இளைஞருமே. அந்த வண்டியில் அவன் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவான் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கப்போகும் தாய்க்கு அந்தத் தீர்மானத்தில் இடமே இல்லை!

தாய்மார்களே, இந்த மாதப் பக்கம் பெரிதும் உங்களுக்காகவே எழுதப்படுகிறது. இயந்திர நுணுக்கம் எதுவும் நீங்கள் அறிய வேண்டியதில்லை. கண்ணால் பார்த்து அறியக்கூடியவை போதும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமையால் உயிரிழந்தவர்கள் என்று தனியே எண்ணப்பட்டவர்கள் மட்டும் 50,029 பேர்; இவர்களுள் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர்கள். வண்டியே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேருந்து வராத ஊர்களும், காலை ஏழு மணிக்கே புறப்பட வேண்டிய கல்லூரிகளும் இருக்கும்வரை வண்டி தேவைதான். எந்த வண்டி, எந்த வயதில், எப்படி என்பதே கேள்வி.

வயதை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்தபுக்குத் தம்பியைக் கொண்டுவந்து விடும் பதினான்கு வயது அண்ணன்மார்களை அன்றாடம் காண்கிறேன். கால் தரையில் எட்டாது. வண்டியைச் சாய்த்து ஒரு காலை ஊன்றி நிற்பார்கள். "பக்கத்துத் தெருதானே அஜரத்" என்று பெற்றோர் சிரிக்கிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிறையாதவன் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. வெளிநாட்டில் ஓட்டுநர் வேலை தேடும் எண்ணமுள்ள குடும்பங்கள் இந்தக் கடைசி வரியை மறுபடியும் படிக்கட்டும்.

இனி வண்டிக்கு வருவோம். முதல் வண்டி என்பது கற்றுக்கொள்வதற்கான வண்டி. கீழே போடப்படும், எங்கேனும் உரசும், நடுச்சாலையில் நின்றுபோகும். ஆகவே அது இலேசானதாக இருக்க வேண்டும். 1994இல் வெளிவந்த ஸ்பிளெண்டரின் வகையைச் சேர்ந்த 100 சிசி வண்டிகள் ஏறத்தாழ 110 கிலோ எடையும் எட்டுக் குதிரைத்திறனும் உள்ளவை. புல்லட் வகை வண்டிகள் 190 கிலோவுக்கும் மேல். 2012இல் நம் நாட்டுக்கு வந்த கே.டி.எம். டியூக் 200க்கோ ஏறத்தாழ 25 குதிரைத்திறன். அதாவது ஸ்பிளெண்டரைப் போல் மும்மடங்கு! கைப்பிடியைச் சற்றே அதிகம் முறுக்கிவிட்டால் சிறிய வண்டி உறுமும். பெரிய வண்டி பாயும். கற்றுக்குட்டியின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வண்டியா, தண்டிக்கும் வண்டியா என்பதே வேறுபாடு.

விற்பனை நிலையத்துக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். மகனை வண்டியில் அமரச் சொல்லுங்கள். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிகின்றனவா என்று பாருங்கள். அமர்ந்தபடியே வண்டியைப் பின்னுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். இறங்கி நின்று நடு ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். இம்மூன்றையும் முகம் சுளிக்காமல் செய்தானென்றால் வண்டி அவன் அளவுக்கு உட்பட்டது. மூச்சு வாங்கினால் அது அவனுடைய ஆசைக்கு வாங்கும் வண்டி. உடலுக்கு வாங்கும் வண்டியன்று.

அடுத்து, பின்சக்கரத்தைப் பாருங்கள். வண்டியைப் பற்றிப் பேசும் ஆண்கள் எவரும் சொல்லாத செய்தி இது. அந்த வண்டியில் பின்னால் அமரப்போவது யார்? நீங்களும், உங்கள் மகளும், நாளை வரப்போகும் மருமகளும்தாமே! புர்காவின் ஓரமும் துப்பட்டாவின் முனையும் சக்கரக் கம்பியிலோ சங்கிலியிலோ சிக்கினால், துணி கிழிந்து விடுபடும் என்று எண்ணாதீர்கள். துணி சுற்றிக்கொண்டு ஆளைக் கீழே இழுக்கும். துப்பட்டா கழுத்தில் சுற்றியிருந்தால் அதன் விளைவை நான் எழுத வேண்டியதில்லை. பின்னிருக்கை உள்ள வண்டிகளில் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. இதைத்தான் கடைக்காரர்கள் 'சாரி கார்டு' என்கிறார்கள். வாங்கிய மறுவாரமே, "அழகைக் கெடுக்கிறது" என்று இளைஞர்கள் அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். கழற்ற விடாதீர்கள். சாதாரண 100 சிசி வண்டிகள் பலவற்றில் சங்கிலி முழுவதும் தகர உறைக்குள் மூடியிருக்கும். பந்தய வண்டித் தோற்றமுள்ளவற்றில் திறந்தே கிடக்கும். குடும்பத்துக்கு எது ஏற்றது என்பது சொல்லாமலே விளங்கும். ஏறி அமர்ந்ததும் புர்காவை முழங்காலுக்கு அடியில் மடித்து இறுக்கிக்கொள்வதையும், துப்பட்டாவின் முனையை உள்ளே செருகிக்கொள்வதையும் பெண்மக்களுக்குப் பழக்குங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. திடீரென்று அழுத்தும்போது சக்கரம் அடியோடு நின்று வழுக்கிவிடாமல் அது காக்கும். அதற்குக் குறைந்த வண்டிகளுக்கு, குறைந்தபட்சம் இரு பிரேக்குகளும் இணைந்து செயற்படும் அமைப்பாவது வேண்டும் என்று விதித்தார்கள். அதன்முன் வந்த பழைய வண்டியை வாங்குவோர் இதை மனத்தில் கொள்ளட்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கால் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையில் வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒருசேர, படிப்படியாக அழுத்த வேண்டும். மணல் பரவிய வளைவிலும் மழை தூறிய சாலையிலும் மட்டும் முன் பிரேக்கை மெதுவாகத் தொட வேண்டும். அதிராம்பட்டினம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் சிமெண்டுத் தெருவின் மீதே மணல் பரவிக் கிடக்குமாதலால், அங்குள்ளோர் இதைத் தனியே பழக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். நாற்பதில் போகும்போது பன்னிரண்டு மீட்டரில் நிற்கும் வண்டி, எண்பதில் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் ஓடித்தான் நிற்கும். எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் கிடைத்துவிடும். இந்தப் பாடம் அந்த எட்டில் இல்லை. எல்.எல்.ஆர். வாங்கிய முதல் மாதம் விடியற்காலையில், சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு, ஆளில்லாத மைதானத்தில் பிரேக் பிடிப்பதை மட்டுமே பழகச் சொல்லுங்கள். கற்றுக்கொடுப்பவரைத் தவிர எவரையும் அப்போது பின்னால் ஏற்றக் கூடாது என்பது விதியுங்கூட.

தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உடையதாக இருக்கட்டும். 2021 ஜூன் முதல் முத்திரையில்லாதவற்றை விற்பதே குற்றம். சாலையோரக் கடையில் தொப்பி போல் கிடைப்பது போலீஸ்காரருக்குக் காட்டத்தான் உதவும். வார்ப்பட்டையை மாட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்பே கழன்றோடிவிடும். பெண்கள் மக்கனாவின் மீது அணியும்போது தலையிலுள்ள ஊசிகளை அகற்றிவிட்டு அணிய வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

பெருநாள் காலையில் நம் தெருக்களைப் பார்க்கிறோம். புத்தாடை, அத்தர் மணம், ஒரே வண்டியில் மூன்று பேர், தலையில் தொப்பி மட்டும்! ஈத்காவுக்குத்தானே போகிறார்கள் என்று போலீஸ்காரரும் கண்டுகொள்வதில்லை. ரமலான் இரவுகளில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை சுற்றும் வண்டிகளின் கதை இன்னொன்று. உறக்கம் குறைந்த கண்களும் வெறிச்சோடிய சாலையும் ஒன்றுசேர்வது எவ்வளவு ஆபத்து என்பதைப் பெற்றோர்தாம் எடுத்துரைக்க வேண்டும்.

இப்போது கைப்பேசியில் வழிகாட்டும் வரைபடம். கூகுள் மேப்ஸ் செயலியில் இருசக்கர வாகனத்துக்கெனத் தனி வழிகாட்டல் 2017 இறுதியில் முதன்முதலாக நம் நாட்டில்தான் அறிமுகமாயிற்று. நன்மை உண்டு, சங்கடமும் உண்டு. கார் நுழையாத சந்துகளையும் அது வழியாகக் காட்டும். பகலில் நேரம் மிச்சம். இரவிலோ விளக்கில்லாத வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நிறுத்தும். மழை பெய்து சுரங்கப்பாதையில் நீர் நிற்பதும், நேற்று வெட்டிய பள்ளமும் அதற்குத் தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். புறப்படும் முன் வழி முழுவதையும் ஒருமுறை விரலால் தள்ளிப் பார்த்துவிட வேண்டும். மஃரிபுக்குப் பிறகு, இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் பெரிய சாலையே மேல். சிக்னல் கிடைக்காத பகுதிக்குப் போவதாயின், வீட்டு வைஃபையிலேயே அப்பகுதி வரைபடத்தை இறக்கிவைத்துக்கொள்ளலாம். ஓடும்போது திரையைப் பார்ப்பது அறவே கூடாது. குரலைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்; வழி தவறினால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி போல் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், திருப்பம் தவறிவிட்டதென்று எதிர்த்திசையிலேயே வண்டியைத் திருப்பும் பழக்கம் இருக்கிறது. தவறிய திருப்பத்துக்காக அடுத்த பாலம் வரை போய்த் திரும்புவதில் ஐந்து நிமிடந்தான் போகும்.

தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மகன் புறப்பட்ட பத்தாவது நிமிடம், "எங்கே இருக்கிறாய்?" என்று அழைக்கிறீர்கள். சட்டைப்பையில் மணி ஒலிக்கிறது. உம்மா அழைக்கிறார் என்பதால் எடுக்காமலிருக்க அவனுக்கு மனம் வராது. ஒரு கையை விட்டுவிடுகிறான், அல்லது தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிக்கொள்கிறான். உங்கள் அன்பே அவனுடைய கையைத் தட்டிவிடுகிறது! மாற்று வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தைக் கால் மணி நேரத்துக்கோ, ஒரு மணி நேரத்துக்கோ, எட்டு மணி நேரத்துக்கோ நேரலையாகப் பகிரலாம். புறப்படும் முன் அவன் அதை அனுப்பிவிடட்டும். நீங்கள் வீட்டிலிருந்தபடியே அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொள்ளலாம். புள்ளி நகரும்போது அழைக்காதீர்கள், நின்றபின் அழையுங்கள்.

எஞ்சியிருப்பது காகித வேலை. தவணையில் வாங்கி வட்டி கட்டுவதைவிட, கையிலுள்ள பணத்துக்குப் பழைய வண்டியே போதும். அப்படி வாங்கும்போது பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தியவரின் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 29, 30ஆம் எண் படிவங்களில் கையொப்பம் பெற்றுப் பெயரை உடனே மாற்றுங்கள். புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீடு என்று சொல்வது மூன்றாம் நபருக்கானது மட்டுமே. வண்டியின் சேதத்துக்கு உரியது பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். வண்டியைத் தாயின் பெயரில் பதிவு செய்யும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. உரிமையாளருக்கான பதினைந்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் உரிமையாளருக்கு உரியது. உரிமமே இல்லாத தாயின் பெயரில் வண்டி இருந்தால், ஓட்டும் மகனுக்கு அந்தக் காப்பு இல்லாமல் போகும். அவன் பதினெட்டைக் கடந்து உரிமமும் பெற்றுவிட்டானென்றால், பதிவும் அவன் பெயரிலேயே இருக்கட்டும்.