தாடை வலியும் உலர் ஊசியும்

தாடை வலி பிறர் கண்ணுக்குத் தெரியாத வியாதி. கால் ஒடிந்தவனுக்கு இரங்கும் உலகம், வாயைத் திறக்கமாட்டாமல் கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பவனைப் பார்த்துப் 'பல் வலியாக்கும்' என்று சொல்லிப் போய்விடுகிறது. இந்த வலிக்கு 'உலர் ஊசி' என்றொரு சிகிச்சை நம் நகரங்களில் பரவி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே அது மரக்காணம் போன்ற ஊர்களையும் எட்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வந்து சேருமுன் நமது அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிடுவது கடமையென்று கருதுகிறோம்.

காதுக்கு முன்னே கீழ்த் தாடையின் கீல் இருக்கிறது. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலுமுள்ள தசைகள் அதை இயக்குகின்றன. ஓயாமல் பல்லைக் கடிப்பதாலும் பிற காரணங்களாலும் அத் தசைகள் சில இடங்களில் முடிச்சுப்போல் இறுகி நோகும். மருந்து ஏதும் ஏற்றாமல், மயிரிழை போன்ற ஊசியை அம் முடிச்சிலே செலுத்தினால் தசை ஒருமுறை துடித்துத் தளர்கிறது. இதுவே உலர் ஊசி. மருந்தை ஏற்றியதால் வந்ததென்று எண்ணிய சுகம் பெரும்பாலும் ஊசியாலேயே வந்ததென்று காரெல் லெவிட் என்ற செக் வைத்தியர் 1979-இல் எழுதினார். ஜனாதிபதி கென்னடிக்கு வைத்தியராயிருந்த ஜானெட் டிராவல் அம்மையாரும் சைமன்ஸ் என்பவரும் 1983-இல் வெளியிட்ட நூலில், எந்தத் தசையின் நோவு எங்கே போய்த் தோன்றும் என்பதைப் படம் வரைந்தே காட்டினார்கள். கன்னத் தசையின் நோவு கடைவாய்ப் பல்லில் தோன்றும். இதை அறியாமையால் எத்தனை நல்ல பற்கள் பிடுங்கப்பட்டனவோ!

இது சீனரது அக்குபங்ச்சர் அன்று. அந்த வித்தை 1938-இல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய வைத்தியக் குழுவில் கோட்னிஸுடன் சென்ற டாக்டர் பாசு பின்னாளில் கற்றுவந்து கல்கத்தாவில் வளர்த்தது. அதன் சாஸ்திரம் வேறு. ஊசி ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒன்றென்று விளம்பரம் செய்வோரை நம்பலாகாது.

தசையினால் வந்த தாடை வலிக்கு உலர் ஊசியால் சில வாரங்கள் நிவாரணம் உண்டு என்று சிறு சிறு சோதனைகள் காட்டுகின்றன. தைலமிட்டுப் பிடித்துவிடுதல், ஒற்றடம், மெல்லிய ஆகாரம், தாடைக்குத் தக்க பயிற்சி ஆகியவற்றைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே இதை நாம் வெறுக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை.

நமது அச்சம் வேறு. தாடை, பிற வியாதிகள் வந்து பேசும் இடம். மரக்காணத்து உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, கூடை உப்பைத் தலையில் ஏற்றி வரப்பின்மேல் நடக்கும் ஒருவனுக்குச் சுமையோடு நடக்கும்போது தாடை வலித்து, இறக்கி உட்கார்ந்ததும் தணிந்தால், அது இருதயத்தின் முறையீடாக இருக்கக்கூடும். உள்ளங்காலில் புண்ணோடு வேலை செய்பவனுக்குத் தாடை இறுகினால் அது ரண ஜன்னியின் முதற்குறி. பாக்கை ஓயாமல் மெல்லுகிறவனுக்கு வாயின் உட்சவ்வு நாராய் இறுகி, வாய் நாளுக்கு நாள் குறுகும். காரம் பட்டால் எரியும். இவ் வியாதி புற்றாகவும் மாறும். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய்க்குக் காரணமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-இல் வெளியிட்டது. நமது சர்க்கார் 2013-இல் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. வெற்றிலை பாக்குப் பைக்குத் தடை ஏது?

இவர்களில் ஒருவருடைய கன்னத்தில் ஊசியைச் செருகி இரண்டு நாள் சுகம் காட்டி அனுப்பினால், கட்டணம் போவது மட்டுமன்று, காலமும் போய்விடுகிறது. வாய்ப் புற்றில் இரண்டு மாதத் தாமதம் அற்ப விஷயமன்று.

ஊசி பிடிக்கும் கை எது என்பதும் கேள்வி. கன்னத்தினுள்ளே முகத்தை அசைக்கும் நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. 2018-இல் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் ஜில்லாவில் பலருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியதற்கு, ஒரே ஊசியைப் பலருக்கும் இட்ட போலி வைத்தியன் ஒருவனே காரணமென்று சுகாதார அதிகாரிகள் கூறினார்கள். அறை வாடகையும் ஒரு பெட்டி ஊசியும் இருந்தால் யாரும் கடை விரிக்கலாம் என்ற நிலை கூடாது. பல் வைத்தியருக்கு 1948-ஆம் வருஷத்திலேயே சட்டம் வந்தது. பிஸியோதெரபி முதலிய தொழில்களுக்கு 2021-இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றித் தேசிய ஆணையமும் வகுத்தது. இந்த ஊசியை யார் எடுக்கலாம், எத்தனை நாள் பயின்றிருக்க வேண்டும், எந்தப் பரிசோதனைக்குப் பின் எடுக்கலாம் என்பதை ஆணையம் ஐயத்துக்கிடமின்றி எழுதட்டும். சட்டத்தில் மௌனம் இருக்குமிடத்தில் லாபம் அடைகிறவன் போலி வைத்தியனே என்பது கோர்ட்டு வாசற்படி மிதித்த எவரும் அறிந்தது.

1930-இல் வேதாரணியத்தில் ராஜாஜி தலைமையில் உப்புக்காகச் சிறை புகுந்ததைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். உப்பை விளைவிக்கிறவனுடைய உடம்பைப் பற்றி நாம் பேசியது கொஞ்சமே. மரக்காணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே ஜிப்மரும் உண்டு, சர்க்கார் பல் வைத்தியக் கல்லூரியும் உண்டு. ஆனால் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. மறுநாளும் வரச் சொன்னால் அவன் போகமாட்டான். பக்கத்துத் தெரு ஊசிக்காரனிடமே போவான். அவனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிஸியோதெரபி நிபுணர் வீடு தேடிச் செல்ல ஏற்பாடு இருக்கிறது. அவரோடு மாதம் ஒருமுறை ஒரு பல் டாக்டரும் உப்பளத்துக்கு வரட்டும். முற்பகல் வேலை முடித்துத் தொழிலாளர் கரையேறும் நேரமே வாயைத் திறந்து பார்க்கத் தகுந்த நேரம். ஒரு கைவிளக்கும், நாக்கை அழுத்த ஒரு சிறு தகடும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் போதும். ஊசியை அதற்குப் பிறகு பெட்டியிலிருந்து எடுக்கலாம்.